பழைய குரோனோகிராப்: பெயருக்கல்ல, மெஷினுக்கே விலை கொடுங்கள்

கையடக்கத் தொலைபேசி வந்த பிறகு மணிக்கூடு எதற்கு என்று கேட்டவர்கள் பலர். நேரம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் மணிக்கூட்டின் மீதுள்ள ஆசை குறையவில்லை. குறிப்பாக எமது இளம் வியாபாரிகள் மத்தியில் பழைய மணிக்கூடுகளுக்கு, அதிலும் குரோனோகிராப் எனப்படும் ஸ்டொப் வோச் இணைந்த மணிக்கூடுகளுக்கு, தனி மவுசு உண்டாகியிருக்கிறது. புதிய சுவிஸ் குரோனோகிராப் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்க முடியாதவர், 40, 50 வருடம் பழைமையான ஒன்றைச் சில நூறு டொலருக்குள் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்.

அந்தக் கணக்கு பிழையல்ல, ஆனால் அது அரைக் கணக்கு. மீதி அரைவாசியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த பணத்தில் நல்ல பழைய குரோனோகிராப் வாங்க முடியும். ஆனால் வாங்குபவர் வியாபாரியாக வாங்க வேண்டும். விற்பவர் முஸ்லிமாக விற்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஒருவருக்கு நட்டம், மற்றவருக்குப் பாவம்.

பொருளை அறிந்துகொள்வோம்

எந்தச் சரக்கையும் அதன் வரலாறு தெரியாமல் வாங்கக் கூடாது. 1821 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் குதிரைப் பந்தயங்களின் நேரத்தை அளக்க ரியூசெக் என்ற கடிகாரத் தொழிலாளி ஒரு கருவி செய்தார். குதிரை எல்லையைத் தாண்டும்போது டயலில் மைப்புள்ளி விழும். நேரத்தை எழுதுவது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்குக் குரோனோகிராப் என்ற பெயர் வந்தது. பிற்காலத்தில் மை போய், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று ஓடவும் நிற்கவும், மற்றது முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரவும்.

நீண்ட காலமாக இவையெல்லாம் கையால் சாவி கொடுக்க வேண்டியவையாகவே இருந்தன. 1969 இல்தான் தானியங்கிக் குரோனோகிராப் வந்தது. அந்த வருடம் ஜனவரியில் செனித் நிறுவனம் எல் பிரிமேரோ என்ற மெஷினை அறிவித்தது. மார்ச்சில் ஹோயர், பிரைட்லிங், ஹமில்டன் ஆகியவை அடங்கிய கூட்டணி தமது மெஷினை வெளியிட்டது. மே மாதமளவில் ஜப்பானின் சீக்கோ, பெரிய ஆரவாரம் எதுவுமின்றி 6139 என்ற மெஷினைத் தன் நாட்டுச் சந்தையில் இறக்கிவிட்டது. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973 நவம்பரில் ஸ்கைலெப் நிலையத்துக்குப் போனபோது, மஞ்சள் டயல் கொண்ட ஒரு 6139 ஐச் சொந்தப் பாவனைக்காகக் கொண்டுபோய் 84 நாட்கள் விண்வெளியில் இருந்தார். இன்றும் அந்த மொடலைப் போக் என்ற பெயரிலேயே விற்கிறார்கள்.

அதே 1969 டிசம்பரில் அதே சீக்கோ நிறுவனம் உலகின் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தையும் விற்பனைக்கு விட்டது. பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் பற்றரி மணிக்கூடு மலிந்து போக, சாவியில் ஓடும் குரோனோகிராப் செய்த எத்தனையோ சுவிஸ் நிறுவனங்கள் மூடப்பட்டன. கம்பனி மூடினால் உதிரிப்பாகமும் நின்றுவிடும். இன்று நாம் வாங்கும் பழைய குரோனோகிராப்புக்குரிய பெரிய சிக்கலே அதுதான்: பொருள் கிடைக்கும், பாகம் கிடைக்காது.

இன்னொன்றும் நடந்தது. 2017 ஒக்டோபரில் நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு, அலுமாரியில் கிடக்கும் ஒவ்வொரு பழைய மணிக்கூடும் புதையல் என்று பலர் நினைக்கத் தொடங்கினார்கள். அது கட்டியிருந்த மனிதருக்காக விழுந்த விலை, இயந்திரத்துக்காக விழுந்த விலையல்ல. சந்தையும் ஏறியபடியே இருக்கவில்லை. 2021 இல் மளமளவென்று ஏறிய பாவித்த மணிக்கூடுகளின் விலை 2022 இல் இறங்கத் தொடங்கியது. ஆகவே முதலீடு என்று சொல்லி யாராவது விற்க வந்தால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த வருடம் இதே விலைக்கு நீங்கள் திருப்பி எடுப்பீர்களா?

நம் கைக்கெட்டும் மூன்று வகை

ஒன்று, ஜப்பானியச் சரக்கு. சீக்கோ 6139, அதன் தம்பியான 6138, சிட்டிசன் 8110 ஆகியவை. 1970களின் பிற்பகுதியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் தொழிலுக்குப் போன எமது ஆட்கள் ஊர் திரும்பும்போது கட்டி வந்தவை ஜப்பானிய மணிக்கூடுகள்தான். எனவே இவற்றில் சில இன்னமும் நம் வீடுகளிலேயே இருக்கக் கூடும். 6139 இல் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வழமையான செக்கன் முள் அதில் கிடையாது. பெரிய செக்கன் முள், பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். இது தெரியாதவர்கள் நல்ல மணிக்கூட்டைப் பழுதென்று விற்றுவிடுவதும் உண்டு. இதற்குக் கையால் சாவி கொடுக்கவும் முடியாது, அசைத்துத்தான் ஓட விட வேண்டும்.

இரண்டு, ரஷ்யச் சரக்கு. மொஸ்கோவின் முதலாவது கடிகாரத் தொழிற்சாலை சுவிஸ் வல்ஜூ 7734 மெஷினின் உற்பத்திக் கருவிகளை வாங்கி, அதை அடிப்படையாகக் கொண்டு 1976 அளவிலிருந்து போல்ஜோட் 3133 என்ற மெஷினைச் செய்தது. சாவி கொடுப்பது, உறுதியானது.

மூன்று, பெயர் தெரியாத சுவிஸ் சரக்கு. வல்ஜூ 7733, லெண்டரோன் 48 போன்ற மெஷின்களைச் சிறிய கம்பனிகள் வாங்கித் தம் பெயரைப் போட்டு விற்றன. பெரிய பெயர் கொண்ட மணிக்கூட்டிலும் பெயரில்லாத மணிக்கூட்டிலும் உள்ளே ஒரே மெஷின் இருப்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். குறைந்த பணம் உள்ளவருக்கு இதுவே நல்ல வாசல். டயலில் உள்ள பெயருக்குப் பணம் கொடுக்காமல் உள்ளே ஓடும் மெஷினுக்குக் கொடுக்கலாம்.

இதில் எதற்கும் துணிவில்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பழைய சுவிஸ் வீனஸ் 175 மெஷினின் வழி வந்த சீனத்துச் சீகல் எஸ்டி19 மெஷின் பூட்டிய புதிய குரோனோகிராப்புகள் இன்றும் சில நூறு டொலருக்குள் கிடைக்கின்றன. அது பழைமைப் பொருளல்ல. ஆனால் பழையதென்று பொய் சொல்லி விற்கப்படும் பொருளை விட, புதியதென்று உண்மை சொல்லி விற்கப்படும் பொருள் மேலானது.

வாகனம் வாங்குவது போல் வாங்குங்கள்

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனம் எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? செசி இலக்கத்தைப் பார்க்கிறோம், ஏலத் தாளைக் கேட்கிறோம், மைலேஜ் குறைக்கப்பட்டதா என்று சந்தேகப்படுகிறோம், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறோம். பளபளக்கும் பெயின்டைப் பார்த்து யாரும் காசு கொடுப்பதில்லை. மணிக்கூட்டுக்கும் அதே விதிதான்.

சீக்கோவின் பின்மூடியில் இரண்டு நான்கிலக்க எண்கள் இருக்கும். முதல் நான்கு மெஷின், அடுத்த நான்கு கூடு. தொடர் இலக்கத்தின் முதல் எண் வருடத்தின் கடைசி எண்ணையும் இரண்டாவது மாதத்தையும் காட்டும். 6 என்றும் 1 என்றும் தொடங்கினால், 6139 ஐப் பொறுத்தவரை அது 1976 ஜனவரி. டயலின் அடி ஓரத்திலும் நுண்ணிய எழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அதுவும் அதே மெஷின் இலக்கத்தில் தொடங்க வேண்டும். பின்மூடி ஒன்று, டயல் இன்னொன்று என்றால் அது இரண்டு மூன்று மணிக்கூடுகளைப் பிரித்துச் சேர்த்த உருப்படி.

டயல் புத்தம் புதிதாக இருக்கிறதென்றால் மகிழ்ச்சியை விடச் சந்தேகமே முதலில் வர வேண்டும். ஐம்பது வருடப் பொருள் சிறிது நிறம் மாறித்தான் இருக்கும். பழைய டயலைச் சுரண்டி மீண்டும் சாயம் பூசி, எழுத்து அச்சிட்டு அனுப்பும் தொழில் இந்தியாவில் பெரிதாக நடக்கிறது. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு மும்பை ஸ்பெஷல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்து தடித்து, கோடு கோணி, முள்ளின் ஒளிரும் பூச்சு ஒரு நிறமும் டயலின் பூச்சு வேறொரு நிறமுமாக இருந்தால் கவனம் தேவை.

பிறகு ஓட்டிப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம். விற்பவரின் கடையில் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் வரையல்ல, முப்பது நிமிடத்துக்கு மேல் குரோனோகிராப்பை ஓட விடுங்கள். நிமிட முள் ஒவ்வொரு நிமிடமும் நகர்கிறதா? ஓடும்போது மணிக்கூடு தளர்ந்து நிற்கிறதா? நிறுத்தித் திருப்பினால் முள் சரியாகப் பன்னிரண்டில் வந்து நிற்கிறதா, ஒரு கோடு தள்ளி நிற்கிறதா? லெண்டரோன் 48 இல் மேல் பொத்தான் ஓட விடுவதற்கு மட்டும். நிறுத்துவதும் திருப்புவதும் கீழ்ப் பொத்தானில். இது தெரியாமல் மேல் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திப் பாகத்தைக் கெடுத்துவிடாதீர்கள். தூரத்திலிருந்து வாங்குவதென்றால் பின்மூடியைத் திறந்து மெஷினின் படத்தையும் மேற்சொன்ன சோதனையின் வீடியோவையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மறுப்பும் ஒரு பதில்தான்.

1960களுக்கு முந்திய மணிக்கூடுகளில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். இன்று அது ஒளிராது. ஆனால் கதிர்வீச்சு போகவில்லை, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருடங்கள். கண்ணாடியைக் கழற்றி அதைச் சுரண்டுவதோ ஊதுவதோ கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

வாங்கும் விலை முடிவான விலையல்ல. டொலருக்கு 300 ரூபாவை ஒட்டிய கணக்கில் 300 டொலர் மணிக்கூடு ஒன்று 90,000 ரூபா. அதற்கு மேல் தபால் செலவு, சுங்கத் தீர்வை, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட பெறுமதி சேர் வரி. அதற்கும் மேல் சேர்விஸ். சாதாரண மணிக்கூட்டைப் போல் இரட்டிப்பு வேலை குரோனோகிராப்பில் உண்டு. அதைத் திறந்து முறையாகப் பூட்டத் தெரிந்தவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் திருத்துபவரைத் தேடுங்கள், பிறகு மணிக்கூட்டைத் தேடுங்கள். எந்த மெஷினில் அவர் வேலை செய்திருக்கிறார், எதற்கு அவரிடம் பாகம் இருக்கிறது என்று கேட்டு அந்த மெஷினையே வாங்குங்கள். கையில் ஒன்றரை இலட்சம் இருந்தால் மணிக்கூட்டுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மீதி ஐம்பதாயிரம் வரிக்கும் சேர்விஸுக்கும் என்று ஒதுக்குங்கள். சேர்விஸ் செய்ததாகச் சொல்லப்படும் மணிக்கூட்டுக்குப் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் செய்யாததென்றே விலை பேசுங்கள்.

அந்த ஒன்றரை இலட்சமும் உங்கள் சொந்தக் காசாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கெடுத்து விற்ற காசு, லாச்சியில் இருந்தாலும் நம்முடையதல்ல, அது அமானிதம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 300 ஐத் தொட்டபோது, கையில் ரொக்கம் வைத்திருந்தவர் சமாளித்தார். ஆடம்பரப் பொருட்களில் முதலை முடக்கியவர் தவித்தார். மணிக்கூட்டை நாளைக்கே விற்றுக் காசாக்க முடியாது. கடன் அட்டையில் வட்டிக்கு எடுப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மார்க்க விடயங்கள் சில

ஐந்து வேளை வுழூச் செய்யும் கைக்கு இந்த மணிக்கூடு பொருத்தம்தானா என்று ஒருவர் கேட்டால் அது நல்ல கேள்வி. டயலில் நீர் புகாது என்று எழுதியிருப்பது அது செய்யப்பட்ட வருடத்துக்கு உரியது. ஐம்பது வருடத்தில் ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும். பொத்தான்களின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே போகும். வுழூவுக்கு முன் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்குங்கள். மணிக்கூடும் பிழைக்கும், அதன் அடியில் தண்ணீர் படாமல் போகும் என்ற கவலையும் இராது.

1940, 50களில் மெல்லிய 18 கரட் தங்கக் கூட்டில் குரோனோகிராப் சுவிஸ் என்று மட்டும் எழுதிய மணிக்கூடுகள் ஏராளமாக விற்கப்பட்டன. அவை இன்றும் சந்தைக்கு வருகின்றன. தங்கம் அணிவது ஆண்களுக்கு ஆகாது என்பதை நாம் அறிவோம். தங்க முலாம் பற்றிய சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எவர்சில்வர் கூடு எல்லா வகையிலும் நல்லது, துருவும் பிடிக்காது. சொந்தப் பாவனைக்கு வாங்கிய மணிக்கூட்டுக்கு ஸகாத் இல்லை. விற்கும் எண்ணத்தில் வாங்கி அடுக்கியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. நிபந்தனைகள் பூர்த்தியாகும்போது இரண்டரை வீதக் கணக்கில் அதுவும் சேரும்.

தெரிந்ததைச் சொல்லி விற்போம்

இனி விற்பவர்களிடம் வருகிறேன். பழைய மணிக்கூடு விற்பவர்கள் மத்தியில் ஒரு வாசகம் வழக்கில் இருக்கிறது: "உள்ளது உள்ளபடி, பார்த்து எடுங்கள்." டயல் மாற்றியது அவருக்குத் தெரியும், நிமிட முள் நகர்வதில்லை என்பதும் தெரியும். ஆனால் அந்த ஒரு வாசகத்தைச் சொல்லிவிட்டால் தன் பொறுப்பு நீங்கிவிட்டது என்று நினைக்கிறார். நீங்காது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் எல்லோரும் குத்பாவில் கேட்டது. அந்தக் குவியலும் எல்லோரும் பார்க்கத் திறந்துதான் வைக்கப்பட்டிருந்தது. ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. மறைத்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது பிக்ஹில் தெளிவான விடயம்.

"சொல்லி விற்றால் விலை கிடைக்காதே நானா" என்று இளம் வியாபாரிகள் சொல்வது எனக்குத் தெரியும். உண்மைதான், விலை குறையும். ஆனால் குறையும் அந்தத் தொகை குறையின் விலை. அது எப்போதும் உங்களுடையதாக இருக்கவில்லை.

வாங்குபவருக்கும் இதே அளவுகோல் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வபாத்தான கணவரின் மணிக்கூட்டை ஒரு சகோதரி கொண்டு வருகிறார். ஓடவில்லை என்கிறார். நமக்கு அது என்னவென்று தெரியும், அவருக்குத் தெரியாது. ஐயாயிரம் கேட்கிறார். கொடுத்துவிட்டு ஒரு இலட்சத்துக்கு விற்பதைக் கெட்டித்தனம் என்று நம்மில் சிலர் கூடியிருந்து பேசிக்கொள்கிறோம். ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் செய்தியை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிம் விளக்கவுரையில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்த குதிரையைப் பார்த்த ஜரீர் (ரழி) அவர்கள், இது அதைவிடப் பெறுமதியானது என்று விற்றவரிடமே சொல்லி, நூறு நூறாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் கொடுத்த வாக்குறுதியே அதற்குக் காரணம். அந்த உயரத்துக்கு எங்களால் போக முடியாமல் இருக்கலாம். ஆனால் "இது பெறுமதியான பொருள் தாத்தா, இன்னும் இரண்டு இடத்தில் காட்டி விலை கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு முதல் எதுவும் தேவையில்லை.

எனது யோசனை எளிதானது. பழைய மணிக்கூடு விற்கும் ஒவ்வொருவரும் பற்றுச்சீட்டில் மூன்று வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். எது அசல், எது மாற்றப்பட்டது, எது தனக்குத் தெரியாது என்ற மூன்று வரிகள். மூன்றாவது வரியை எழுத வெட்கப்பட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுபவரின் முதல் இரண்டு வரிகளை வாங்குபவர் நம்புவார். வாங்குபவர்களும் அந்தச் சீட்டில்லாமல் காசை நீட்டாதீர்கள். இரண்டு மூன்று கடைகள் தொடங்கினால் போதும். சீட்டுத் தராத கடையை வாடிக்கையாளரே விலக்கிவிடுவார், பரக்கத்தும் சீட்டுத் தருபவர் பக்கமே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.